ஒரு முழம் கூடுதல்

ஜாக்கெட் தைக்கிற அந்த அக்காவுக்குத் தெருவில் யார் பெயரும் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதாகவும் நினைவில்லை. என் அம்மா அவருக்கு எல்போ ஹேண்டு. எதிர்வீட்டு மருமகள் பஃப் ஹேண்டு. கோயில் பக்கம் பூக்கடை வைத்திருந்த அம்மாள், ஒவ்வொரு முறையும் கை பிடிக்கிறது என்று சண்டைக்கு வருவதால், லூஸ் ஹேண்டு. நான் ஃபுல் ஹேண்டு. தெருமுனையில் நான் திரும்பும்போதே, “ஃபுல் ஹேண்டு வந்துக்கினு இருக்குது பாரு” என்று உள்ளே யாரிடமாவது சொல்வார். எனக்கு உடம்பெல்லாம் கூசும். தெருவில் போகிற எல்லோரும் என் கையைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றும். உண்மையில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, ஒரு முன்னறையை வாடகைக்கு எடுத்து ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் தறிச் சத்தம். நடுவில் அவருடைய தையல் மிஷின் சத்தம். எப்போதும் நைட்டி, அதன்மேல் ஒரு துண்டு, துண்டில் குத்திய ஊசிகள். அவரோடு பேசிவிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்துப் போகலாம் என்று யாராவது கையை வைத்தால் ரத்தம் வரும்.

ஹேண்டு என்ற ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொண்டு அவர் காலத்தை ஓட்டினார். அவருக்கு ஜாக்கெட்டின் கை ஹேண்டு. ஜரிகையும் மணியும் வைத்துச் செய்கிற ஆரி வேலை ஹேண்டு ஒர்க். மிஷின் செகண்ட் ஹேண்டு. உதவிக்கு வந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டால் கடையில் ஒரு ஹேண்டு கொறையுது. கரண்ட் போனால் ஹேண்டுலயே ஓட்டிக்கிறேன். வீட்டு ஓனர் மரியாதையில்லாமல் பேசினால், “என்னை லெஃப்ட் ஹேண்டுல டீல் பண்றாரும்மா.” சுவர்க் கடிகாரத்தில் நொடி முள் உடைந்து ஆறின்மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டி, அதுக்கும் ஹேண்டு போச்சு என்பார்.

நான் அப்போது பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரித் தோழி ஒருத்தியை ஜாக்கெட் தைக்க அழைத்துப் போனபோது, அக்கா அவளிடம், “ஹேண்டு ஷார்ட்டா, லாங்கா?” என்று கேட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பஸ் ஏறும்வரை சிரித்தாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. அடுத்த நாள் போய், அது ஸ்லீவ் அக்கா, ஹேண்டு இல்லை என்று திருத்தினேன். சரிம்மா, சொல்லிட்டா போச்சு என்று நல்லபிள்ளையாகக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் போனபோது வாடிக்கையாளரிடம், “ஃபுல் ஸ்லீவ் ஹேண்டா, ஹாஃப் ஸ்லீவ் ஹேண்டா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதோடு திருத்துவதை விட்டேன்.

ஆனால் அந்தச் சொல் என்னையும் பிடித்துக்கொண்டது. அகராதியைத் திறந்து அதற்கு இருக்கும் அர்த்தங்களை எல்லாம் படித்தேன். கடிகார முள், கூலியாள், கையெழுத்தின் அழகு, சீட்டாட்டத்தில் ஒருவருக்கு விழுந்த சீட்டுகள் என்று அது போய்க்கொண்டே இருந்தது. பெண் கேட்பதற்குக்கூட ஆங்கிலத்தில் அவளுடைய ஹேண்டைக் கேட்பது என்றுதான் சொல்வார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு யோசித்தார்.

“கையை மட்டுமா கேப்பாங்க? அப்போ மீதியை இன்னா பண்றதாம்?”

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குப் பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. ஏனென்றால் என்னைப் பொறுத்தவரை விஷயம் தலைகீழ். மீதியை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கையைத்தான் யாரும் கேட்டுவிடக்கூடாது.

என் இடது முழங்கையில் பள்ளி முடிக்கும்போது ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. பொட்டு அளவுதான். பிறகு பரவியது. கல்லூரிக்குப் போகும்போது முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்குச் சற்று மேல்வரை, வரைபடத்தில் தீவு மாதிரி, ஓரம் வளைந்து வளைந்து படர்ந்துவிட்டது. ஒட்டாது, வலிக்காது, உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொன்னார். நிறம் மட்டும்தான் போயிருக்கிறது என்றார். அம்மாவுக்கு அது போதவில்லை. தெருவில் இதற்குச் சொல்கிற பெயர் ஒன்று இருக்கிறது, நோயின் பெயர், இந்த நிறமாற்றத்துக்குச் சம்பந்தமே இல்லாத பெயர். அந்தச் சொல்லை யாராவது ஒருமுறை சொல்லிவிட்டால் எனக்கும், எனக்குப் பின்னால் இருக்கும் தம்பிக்கும் கல்யாணம் நடக்காது என்று அவள் நம்பினாள். அதனால் வெயில் காலத்திலும் எனக்கு முழுக்கைச் சுடிதார்தான். கேட்டால் வெயிலுக்குக் கறுத்துவிடுகிறது என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

அக்காவிடம் மட்டும் அந்தப் பொய்யைச் சொல்லும்படி ஆகவில்லை. அவர் எதற்கும் ஏன் என்று கேட்டதில்லை. அதுதான் அவருடைய குணம். பேச்சு நிறைய, வம்பும் நிறைய, ஆனால் துணி கையில் வந்துவிட்டால் அளவு மட்டும்தான் கேட்பார். கணவர் போய் வருஷம் திரும்புவதற்குள் பார்டர் வைத்த பஃப் கை வேண்டும் என்று ஒரு பெண் வந்தாள். உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா, பஃப் எவ்வளவு உயரம் நிற்கவேண்டும் என்று கேட்டு, சாக்பீஸால் குறித்துக்கொண்டார். இன்னொரு பெரியம்மா, இடது கை மட்டும் லூசாகவும் நீளமாகவும், வலது கை எப்போதும்போலவும் தைக்கச் சொன்னார். நானே வாய்விட்டு ஏன் என்று கேட்கப் போனேன். அக்கா என் காலை மிதித்தார். அந்தப் பெரியம்மா வாரத்தில் சில நாள் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போகிறார், ஊசி குத்திய கை வீங்கியிருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. அக்காவுக்கும் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தபோதும் அவர், அடுத்த ஜாக்கெட்டுக்கு இன்னும் அரை இஞ்ச் விடலாம் என்று மட்டும் சொன்னார்.

அக்கா வாலாஜாபாத்காரர். கல்யாணமான புதிதில் அங்கே அரிசி மில்லில் மூட்டை வாய் தைத்திருக்கிறார். தையல் கற்றது அங்கேதான். பட்டு ஜாக்கெட்டின் கழுத்தில் மணி கோத்துக்கொண்டே, “நான் தெச்சது எல்லாம் இருவத்தஞ்சு கிலோ சைஸுமா” என்பார்.

எனக்கு வரன் வந்தது. ஐயம்பேட்டையில் நெசவுக் குடும்பம், பையன் ஒரகடம் பக்கம் கம்பெனியில் வேலை. பெண் பார்க்க வரும் நாளுக்கு நைனா தானே ஒரு புடவை நெய்து தருகிறேன் என்றார். எங்கள் வீட்டில் இரண்டு தறி. நைனா தறிக்குழியில் இறங்கிவிட்டால் பேச்சே இருக்காது. அந்தப் புடவைக்கு மாம்பழ மஞ்சளில் உடல், அரக்கு பார்டர். அம்மா ஓரிரவு அவரிடம் ஏதோ சொன்னாள். மறுநாள் நைனா முதலாளியிடம் கேட்டு, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலை ஒரு முழம் கூட்டி வாங்கி வந்தார். புடவையோடு ஓடுகிற ஜாக்கெட் பீஸ் வழக்கமாக அரைக்கைக்குத்தான் வரும். முழுக்கை வைக்கவேண்டுமென்றால் கையில் ஒட்டுப் போடவேண்டும், அல்லது வேறு துணி வாங்கவேண்டும். என் மகளுக்கு ஒட்டு எதற்கு என்று நைனா நினைத்தார். முழங்கையிலிருந்து விரல் நுனிவரைதான் ஒரு முழம். என் கையில் எவ்வளவு மறைக்கவேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவையும் அவர் கூடுதலாக நெய்துவிட்டார்.

பீஸை எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனோம். அம்மா, மணிக்கட்டுவரை, பிடித்தாற்போல, மேலே ஏறவே கூடாது என்றாள். அக்கா துணியை நீட்டி அளந்தார். நீளத்தைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு அளவெடுக்கக் கையைக் காட்டச் சொன்னார். நான் சுடிதார்க் கையைச் சுருட்டினேன். அவரிடம் ஜாக்கெட் தைத்திருக்கிறேனே தவிர, எப்போதும் பழைய ஜாக்கெட்டை அளவுக்குக் கொடுத்துவிடுவேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தார். டேப்பை வெள்ளைமேலேயே வைத்து, வலது கைக்கு எப்படி அழுத்தினாரோ அப்படியே அழுத்திப் பிடித்து அளவைச் சொன்னார். மருந்து போடும் அம்மாவையும் டாக்டரையும் தவிர யாரும் அந்த இடத்தைத் தொட்டதில்லை. நான் சுவரில் முள் உடைந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜாக்கெட்டை வாங்கப் போனது நான் மட்டும்தான். அழகாக இருந்தது. அரக்கு பார்டர் மணிக்கட்டில் வளையல் மாதிரி சுற்றி நின்றது. அக்கா அதன் இடது கையின் உள்பக்கத்தைத் திருப்பி, மணிக்கட்டு ஹூக்குக்கு அடியில் மடித்து வைத்திருந்த ஒரு நூல் நுனியைக் காட்டினார்.

“மூட்டை வாய் பிரிச்சிருக்கியா?”

பிரித்திருக்கிறேன் என்றேன். சரியான நூலைப் பிடித்து இழுத்தால் தையல் மொத்தமும் ஒரே ஓட்டமாக ஓடிவிடும். அரிசி வாங்குகிற எல்லார் வீட்டிலும் அது பிள்ளைகளின் வேலை.

“அதே தையல்தான். இதை இழுத்தா முழங்கை வரைக்கும் பிரிஞ்சிடும். மடிச்சி உட்டா ஹாஃப் ஹேண்டு. இழுக்கலன்னா ஃபுல் ஹேண்டு. அம்மாவுக்குத் தெரிய வேணாம்.”

“எதுக்குக்கா இது?”

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, “புழுக்கமா இருந்தா” என்றார்.

பெண் பார்க்க வந்தவர்களில் பையனின் அம்மாதான் எல்லாம். எங்கள் ஜனங்களில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பெண் கட்டியிருக்கும் புடவையைத் திருப்பிப் பார்ப்பார்கள். முந்தியைப் புரட்டி, உடலும் பார்டரும் சேர்கிற இடத்தை உள்பக்கமாகப் பார்த்து, விரலால் தடவுவார்கள். தப்பாக யாரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நைனாவுக்கு அதற்காகவே காத்திருந்த முகம். அந்த அம்மாள் முந்தியைப் பார்த்தார், நைனாவைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு என் கையைப் பிடித்து, மணிக்கட்டுப் பார்டரிலிருந்து தோள்வரை விரலை ஓட்டினார். திரும்பவும் ஓட்டினார்.

“ஒட்டே இல்லையே. பீஸு நீளமா உட்டிருக்கீங்க.”

நைனா மலர்ந்துபோனார். தறியைத் தவிர வேறு எதைப் பற்றியும் யாரும் அவரிடம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பாவையே ஒரு முழம் கூட்டினேன் என்று பெருமையாகச் சொன்னார்.

“எதுக்கு?” என்றார் அந்த அம்மாள்.

நெசவு தெரியாத வீடாக இருந்திருந்தால் முழுக்கை ஒரு ஃபேஷனாகவே போயிருக்கும். ஐயம்பேட்டைக்காரிக்கு, ஒரு ஜாக்கெட்டின் கைக்காக எவனும் பாவில் கைவைக்கமாட்டான் என்பது தெரியும். நைனாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அம்மா, இப்போதெல்லாம் அதுதானே ஃபேஷன் என்றாள்.  கேசரித் தட்டில் ஸ்பூன் சத்தம் நின்றுவிட்டது.

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. அதை நான் சொல்லியாகவேண்டும். என் முகத்தைப் பார்த்து, தணிந்த குரலில், “புழுக்கமா இருக்குதும்மா. கையைக் கொஞ்சம் மேல உட்டுக்கோயேன்” என்றார்.

நூல் நுனி என் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. இழுத்தால் போதும். அவர் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று சொல்லியிருக்கலாம். எழுந்தும் போயிருக்கலாம். எதுவானாலும் அன்றோடு முடிந்திருக்கும். அம்மா என்னைப் பார்த்தாள். நான் பரவாயில்லைங்க என்று சொல்லி, நூலை ஹூக்குக்கு அடியில் திணித்துவிட்டேன்.

தரகர் வழியாக, பொண்ணு கையில எதையோ மறைக்கிறாங்க என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. என்ன மறைக்கிறார்கள் என்று தெருவே யோசித்து, ஒரு முடிவுக்கு வந்தது. எவனோ ஒரு பையன் பெயரை நான் கையில் பச்சை குத்தியிருக்கிறேனாம். கல்லூரிப் பையன், வேறு ஜாதி, பெயர்கூட இரண்டு மூன்று சொன்னார்கள். ஒரு பையனோடு டீ கூடக் குடிக்காத எனக்கு முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை நீளமான ஒரு காதல் அமைந்துவிட்டது. நைனா டீக்கடைக்குப் போவதை நிறுத்தினார். அம்மா இரண்டு நாள் அழுதாள். பிறகு அழுகை நின்றது. அவள் அந்தப் பேச்சை மறுக்கவில்லை. பச்சை என்றால் பச்சையாகவே இருக்கட்டும், அந்த இன்னொரு சொல் வெளியே வராமல் இருந்தால் சரி என்று அவளுக்குப் பட்டுவிட்டது. நானும் மறுக்கவில்லை. இல்லாத ஒருவன் பெயரைச் சுமப்பது, இருக்கிற தோலைக் காட்டுவதைவிட எனக்கும் சுலபமாக இருந்தது. இதை எழுதும்போதுகூட முகம் சுடுகிறது.

அம்மாவுக்குக் கோபத்தை இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. நேரே அக்கா கடைக்குப் போனாள். நீதான் யாரிடமோ சொல்லியிருக்கிறாய், இல்லையென்றால் அவர்களுக்கு எப்படிச் சந்தேகம் வரும் என்று கத்தினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.  அம்மா மூச்சுவாங்கும் நேரமாகப் பார்த்து அக்கா, “பொண்ணு ஜாக்கெட்டுல சைடு தையல் ரெண்டு இஞ்ச் உட்டு வெச்சிருக்கேன். உடம்பு போட்டா பிரிச்சிக்கலாம்” என்றார். அம்மாவுக்கு மேலே எப்படிக் கத்துவது என்று தெரியவில்லை. நான் வாசலில் நின்றேன். அக்கா என் பக்கம் பார்த்தார், எப்போதும்போல முதலில் கையைத்தான் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று கடையைக் காலி செய்துகொண்டு வாலாஜாபாத்துக்கே போய்விட்டார். மிஷினை ஏற்றிய ஆட்டோ எங்கள் வாசலைத் தாண்டித்தான் போனது. நான் உள்ளே இருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் தட்டிப்போயின. நான் ஒரு கம்பெனியில் கணக்கு வேலையில் சேர்ந்துவிட்டேன், முழுக்கையோடு. என்னை முந்திக்கொண்டு தம்பிக்குக் கல்யாணம் ஆனது. பெண் வாலாஜாபாத். மண்டபத்தில் அந்த மாம்பழ மஞ்சள் புடவையையே கட்டிக்கொண்டேன். வேறு நல்ல புடவை இல்லாமல் இல்லை, வேறு எதற்கும் ஒட்டில்லாத முழுக்கை ஜாக்கெட் இல்லை. அக்கா சொன்னபடியே உடம்பு போட்டிருந்தது, சைடு தையலைப் பிரித்துக்கொண்டேன். மணமகளுடைய ஜாக்கெட்டில் ஆரி வேலை பிரமாதமாக இருந்தது. யார் தைத்தது என்று கேட்க நினைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஃபுல் ஹேண்டு.”

நரை ஏறியிருந்தது. பட்டுப் புடவையில் அவரைப் பார்க்க யாரோ மாதிரி இருந்தது. பெண் வீட்டு அழைப்பில் வந்திருந்தார். எனக்குக் கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை, எதையும் கேட்கவில்லை. என் இடது கையை எடுத்துத் திருப்பி, ஹூக்குக்கு அடியில் விரலை விட்டு அந்த நூல் நுனியை வெளியே எடுத்தார். அது அங்கேயேதான் இருந்தது. அக்கா அதை நகத்தால் லேசாகச் சுண்டினார். பொடியாக உதிர்ந்தது.

“இத்துப் போச்சும்மா. இனி இழுத்தா ஓடாது, அறுந்துடும். கத்திரி வெச்சித்தான் பிரிக்கணும்.”

ஹேண்ட்பேக்கைத் திறந்து, நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியை எடுத்து என் வலது உள்ளங்கையில் வைத்தார். விரல்களை அவரே மடக்கி மூடினார். பந்தி போட்டுவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

குடும்பத்தோடு படம் எடுக்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். ஆல்பத்தில் அந்தப் படம் பெரிதாக இருக்கிறது. எல்லோரும் கையைத் தொங்கவிட்டோ, கும்பிட்டோ நிற்கிறார்கள். நான் ஓரத்தில், இரண்டு மணிக்கட்டிலும் அரக்கு பார்டரோடு, வலது கையை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டு நிற்கிறேன். உறவினர்கள் வந்தால் அம்மா ஆல்பத்தை எடுத்துக் காட்டுவாள். அந்தப் பக்கம் வரும்போது, ஏன்டி கையை இப்படி மூடிக்கினு நிக்கிற என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

புழுக்கமாக இருந்தது என்று சொல்லிவிடுகிறேன்.